கழுத்தில் ஸ்டிக்கர், திரையில் கோடு: குரல் தெரபியில் பயோஃபீட்பேக் பலன் தருமா?

சாக்பீஸ்:

எல்லோருக்கும் வணக்கம். பெரம்பூர் பக்கம் ஒரு பள்ளியில் ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். போன வருடத்திலிருந்தே குரல் கம்மிக்கொண்டு வருகிறது. காலையில் ஓரளவு இருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வெறும் காற்றுதான். மிளகு, பனங்கற்கண்டு, சித்தரத்தை எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் ஈ.என்.டி. டாக்டர் கேமரா விட்டுப் பார்த்து, இரண்டு வோக்கல் கார்டிலும் சின்னதாக முடிச்சு ஆரம்பித்திருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம், ஸ்பீச் தெரபிக்குப் போங்கள் என்றார்.

தெரபிஸ்ட் கழுத்தில் ஸ்டிக்கர் மாதிரி ஒட்டிவிட்டு, கம்ப்யூட்டரில் ஒரு கோட்டைக் காட்டுகிறார். பேசும்போது கழுத்துத் தசை இறுகினால் கோடு ஏறும், தளர்ந்தால் இறங்கும். பச்சைப் பட்டைக்குள் கோட்டை வைத்துக்கொண்டு பேசச் சொல்கிறார். அங்கே எனக்கு நன்றாகவே வருகிறது. ஆனால் ஏழாம் வகுப்புக்குள் நுழைந்ததும் பழைய தொண்டைதான். நாற்பது பிள்ளைகளுக்கு மேல், தலைக்கு மேலே கடகடவென்று ஃபேன், ஜன்னலுக்கு வெளியே ரயில். அங்கே திரையும் கிடையாது, கோடும் கிடையாது.

இதற்குப் பெயர் பயோஃபீட்பேக்காம். நிஜமாகவே வைத்தியமா, இல்லை கம்ப்யூட்டரைக் காட்டி ஃபீஸ் வாங்கும் வித்தையா? தெரபிஸ்ட்டிடமே கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சந்தேகப்பேர்வழி:

வித்தைதான் டீச்சர், இதில் என்ன சந்தேகம்? இப்போது முழங்கால் வலி என்று போனாலும் முதலில் ஒரு கிராஃப் போட்டுக் கையில் கொடுக்கிறார்கள். ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வாயைத் திறக்காமல் இருங்கள், எல்லாம் தானாகச் சரியாகும்.

போரூர்_ஸ்பீச்:

நான் ஸ்பீச் தெரபிஸ்ட். என் பேச்சில் தொழில் பாசம் இருக்கும், அதைக் கழித்துக்கொண்டே படியுங்கள்.

வாயைத் திறக்காமல் இருந்தால் வீக்கம் வடியும், அது உண்மை. லீவு முடிந்து பழைய மாதிரி பேசினால் பழையபடி வரும், அதுவும் உண்மை. பெண்கள் பேசும்போது குரல் நாண்கள் (டாக்டர் சொன்ன வோக்கல் கார்டு) நொடிக்கு ஏறத்தாழ 200 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. நாள் முழுக்க விட்டுவிட்டுப் பேசியதில் குரல் ஒலித்த நேரம் மட்டும் கூட்டி ஒரு மணி நேரம் வந்தாலே 7,20,000 மோதல். ஒவ்வொன்றும் கொஞ்சம் கூடுதல் அழுத்தத்தோடு விழுந்தால், அதிகம் அடிபடும் இடம் தடித்துப்போகும். அதுதான் உங்கள் முடிச்சு. எத்தனை தடவை மோதுகிறது, எவ்வளவு பலமாக மோதுகிறது, இரண்டையும் குறைப்பதுதான் தெரபி.

சிக்கல் என்னவென்றால், அந்த அழுத்தம் பேசுகிறவருக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டாலும் கை எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். குரல்வளை விஷயத்தில் அவ்வளவு துல்லியமாக யாருக்கும் தெரிவதில்லை. பல வருடம் இறுக்கிப் பேசியவருக்கு அந்த இறுக்கமே இயல்பாகிவிடும். தளர்த்துங்கள் என்று நான் சொன்னால், தளர்த்தித்தானே இருக்கிறேன் என்பார். உடம்புக்குள் நடப்பதைக் கண்ணுக்கோ காதுக்கோ கைக்கோ தெரியவைப்பது பயோஃபீட்பேக். நேற்று வந்ததும் இல்லை. 1969லேயே அமெரிக்காவில் இதற்கென்று ஆராய்ச்சிச் சங்கம் தொடங்கினார்கள். இறுக்கிப் பேசுவதால் வரும் குரல் கோளாறுக்கு இதைப் பயன்படுத்திப் பார்த்த ஆய்வு 1978ல் வெளியாகியிருக்கிறது.

உங்கள் கழுத்தில் ஒட்டியது சர்ஃபேஸ் ஈ.எம்.ஜி. எலெக்ட்ரோடு. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: அது குரல் நாணை அளப்பதில்லை. குரல்வளைக்குள் இருக்கும் தசைகள் மிகச் சின்னவை, ஆழத்தில் இருப்பவை. தோலின் மேல் ஒட்டும் எலெக்ட்ரோடு அவற்றைத் தனியாகப் பிடிக்காது. அது பிடிப்பது கழுத்தின் வெளித்தசைகள் இறுகும்போது எழும் மின்சாரத்தை, அதுவும் மைக்ரோவோல்ட் கணக்கில். வெளித்தசை இறுகிக் குரல்வளையை மேலே இழுத்துப் பிடித்திருப்பவர்களுக்கு இது நல்ல கருவி. கழுத்து தளர்ந்தே இருந்து, நாண் சரியாக மூடாமல் காற்று கசிகிறவருக்கு இந்தக் கோட்டைக் காட்டிப் பயனில்லை.

வகுப்பில் வரவில்லை என்கிறீர்களே, கேட்க வேண்டிய கேள்வி அதுதான். இப்போது ஓ.பி. நேரம், இரவு விரிவாக எழுதுகிறேன்.

ஐந்தரைக்கட்டை:

மயிலாப்பூரில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். எங்களுக்குச் சுருதிப்பெட்டியே போதுமே? விடியற்காலையில் தம்புராவைப் போட்டுக்கொண்டு அகார சாதகம் செய்தால், எது சேர்கிறது எது சேரவில்லை என்று காது சொல்லிவிடும். திரையைப் பார்த்துப் பாடுகிற பிள்ளைக்குக் காது எப்படி வளரும்?

என்னிடம் படிக்கும் பெண் ஒருத்தி போனில் ஒரு செயலியைப் போட்டுக்கொண்டு வந்தாள். தோடி ராகத்தில் காந்தாரத்தை, அதாவது ‘க’ ஸ்வரத்தை, அசைத்துப் பாடினால் சிவப்பு விளக்கு எரிகிறது, சுருதி தப்பாம்! தோடி காந்தாரம் அசையாமல் நின்றால்தானே தப்பு?

ஓ.எம்.ஆர்.காரன்:

ஐந்தரைக்கட்டை அம்மா, சிரித்துவிட்டேன். குற்றம் அளவில் இல்லை, விளக்கில் இருக்கிறது. அந்தச் செயலி கிட்டார் சுருதி கூட்டுவதற்காக எழுதியது. ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகமாக வெட்டி, ஒரு கட்டத்துக்குள் நின்றால் பச்சை, நகர்ந்தால் சிவப்பு என்று வைத்திருப்பார்கள். ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் அதற்குப் புரியாது. சுருதியை நேரத்தோடு சேர்த்து வளைகோடாக வரையும் மென்பொருளில் பாடிப் பாருங்கள், உங்கள் காந்தாரம் அலை அலையாக அழகாக வரும்.

நான் ஆடியோ சிக்னல் வேலையில் இருப்பவன், மருத்துவம் தெரியாது. வீட்டில் முயன்று பார்க்க நினைப்பவர்களுக்கு: ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பவுல் போர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் எழுதிய ‘பிராட்’ மென்பொருள் இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். குரலைப் பதிவு செய்து திறந்தால் சுருதி, ஒலி அளவு, ஒலியைப் படமாக வரையும் ஸ்பெக்ட்ரோகிராம் எல்லாம் காட்டும். சுருதி ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு எத்தனை அதிர்வு என்று, வரும். கட்டைக்கணக்கில் பழகியவர்களுக்கு: 1 கட்டை ஏறத்தாழ 131, 5 கட்டை 196, ஐந்தரை 208, 6 கட்டை 220. ஆண்களின் பேச்சுக்குரல் சராசரியாக 100 முதல் 130க்குள், அதாவது ஒரு கட்டைக்குச் சற்றுக் கீழே. பெண்களின் பேச்சுக்குரல் நீங்கள் பாடும் ஆதார சட்ஜத்துக்குப் பக்கத்திலேயே.

ஒரு எச்சரிக்கை. குரல் மிகவும் கரகரவென்று இருந்தால் இந்த எண்களை நம்பாதீர்கள். சுருதி கண்டுபிடிக்கும் கணக்கு, ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் அலையைத் தேடுகிறது. கரகரத்த குரலில் அலை ஒழுங்காகத் திரும்புவதில்லை. கோடு திடீரென்று பாதிக்கு விழும், இல்லை காணாமலே போகும். அதைப் பார்த்து என் குரல் ஆம்பளைக் குரலாகிவிட்டதே என்று பயந்து எனக்கு ஒருவர் தனிமடல் அனுப்பியிருக்கிறார்.

போரூர்_ஸ்பீச்:

ஓ.எம்.ஆர். சொன்ன கடைசி விஷயம் முக்கியம். ஜிட்டர், ஷிம்மர் (அலைக்கு அலை சுருதியும் சத்தமும் எவ்வளவு மாறுகின்றன என்ற கணக்கு) எண்களையும் இதே காரணத்தால் கரகரத்த குரலில் நம்ப முடியாது. ரிப்போர்ட்டில் தசம ஸ்தானத்தோடு அச்சடித்து வந்தால் மட்டும் உண்மையாகிவிடாது.

ஐந்தரைக்கட்டை அம்மாவுக்கு: பாட்டு வாத்தியாருக்கும் கருவிக்கும் ஆகாது என்று யார் சொன்னது? பாடிக்கொண்டிருக்கும் மனிதனின் குரல் நாண் எப்படி அசைகிறது என்று பார்த்து விவரமாக எழுதியவர் டாக்டர் இல்லை. மானுவல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார்தான். 1854ல் பல் டாக்டர் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் வைத்து, கைக்கண்ணாடியால் வெயிலைத் திருப்பிவிட்டு, தன் நாண்களைத் தானே பார்த்தார். அடுத்த வருடம் அது லண்டன் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது.

சுருதிப்பெட்டி அருமையான பயோஃபீட்பேக், மறுக்கவே இல்லை. ஆனால் அது சொல்வது சுருதியை மட்டும். சுருதி சுத்தமாகச் சேர்ந்திருக்கும், கழுத்து நரம்பு புடைத்திருக்கும், தாடை பூட்டிக்கொண்டிருக்கும். அப்படிப் பாடுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் மார்கழி முடிந்ததும் எங்களிடம் வருகிறார்கள். அவர்களிடம் போய்ச் சுருதிக்கோட்டைக் காட்டினால் பச்சையாகத்தான் இருக்கும்! கோளாறு எங்கே இருக்கிறதோ அதை அளக்கும் கருவி வேண்டும். மூக்கால் பேசும் குழந்தைக்கு, மூக்கு வழியாக எவ்வளவு ஒலி போகிறது என்று அளக்கும் நேசோமீட்டர். நாண்கள் ஒன்றையொன்று எவ்வளவு நேரம் தொட்டிருக்கின்றன என்று பார்க்க எலெக்ட்ரோகுளோட்டோகிராஃப். கழுத்தின் இரண்டு பக்கமும் ஒரு தகடு வைத்து, உணரவே முடியாத மின்சாரத்தை ஊடே விடுவார்கள். ஓடும்போது தொண்டை அடைத்து மூச்சு இழுத்து, ஆஸ்துமா என்று இன்ஹேலர் வாங்கி அலையும் சில பிள்ளைகளுக்கு நுரையீரலில் எதுவும் இருக்காது, மூச்சு இழுக்கும்போது திறக்க வேண்டிய குரல் நாண் மூடிக்கொள்ளும். அவர்களுக்கு மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு, அவர்கள் நாணை அவர்களுக்கே திரையில் காட்டி மூச்சைப் பழக்குவது உண்டு.

ஐந்தரைக்கட்டை:

கார்சியா கதை எனக்குத் தெரியாது, நன்றி. ஆனாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. கழுத்து நரம்பு புடைப்பதை எதிரே உட்கார்ந்திருக்கும் நானே பார்த்துச் சொல்லிவிடுவேனே? அதற்கு எதற்கு மெஷின்?

போரூர்_ஸ்பீச்:

நீங்கள் சொல்லிவிடுவீர்கள், எல்லா வாத்தியாருக்கும் அந்தக் கண் இல்லை. தவிர, நீங்கள் சொல்லி முடிக்கும்போது அந்த வரி முடிந்திருக்கும். அவள் எந்த அட்சரத்தில் இறுக்கினாள் என்பது அவளுக்கே மறந்திருக்கும்.

மகரக்கட்டு:

தாம்பரத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு மெஷின்தான் உதவியது, அதனால் இதைச் சொல்ல வேண்டும்.

பதினாலு பதினைந்து வயதில் எல்லோருக்கும் மகரக்கட்டு உடைந்து குரல் இறங்கும். எனக்கு இறங்கவில்லை. கல்லூரியில் சேர்ந்த பிறகும் போனை எடுத்தால், ‘பாப்பா, வீட்ல பெரியவங்க இருக்காங்களா?’ என்பார்கள். கேம்பஸ் இண்டர்வியூவில் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஈ.என்.டி.யில் பார்த்தபோது குரல்வளை ஆம்பளைக்குரிய அளவில்தான் வளர்ந்திருக்கிறது, பேசும் பழக்கம்தான் மாறவில்லை என்றார்கள். பியூபர்ஃபோனியா என்று எழுதிக் கொடுத்தார்கள்.

தெரபிஸ்ட் இருமச் சொன்னார், கனைக்கச் சொன்னார். கனைப்பின் வால் பிடித்து ‘ஆ’ என்று இழுக்கச் சொன்னார். தொண்டையின் முன்பக்கத்தை விரலால் மெல்ல அழுத்திப் பிடித்தார். திரையில் 230 பக்கம் ஓடிக்கொண்டிருந்த கோடு தொப்பென்று 120க்கு விழுந்தது. காதில் விழுந்த சத்தத்தை என்னுடையது என்று நம்ப முடியவில்லை. யாரோ பெரியப்பா பேசுகிற மாதிரி இருந்தது. எண்ணைப் பார்த்ததால்தான் நம்பினேன்.

குரல் வந்தது சீக்கிரம். அதை வைத்துக்கொண்டு வீட்டில் பேசுவதுதான் பெரும்பாடு. சித்தி சிரித்தார், தம்பி மிமிக்ரி செய்தான். கொஞ்ச நாள் தெரியாதவர்களிடம் மட்டும் புதுக் குரல். ஆட்டோக்காரர், பால் பூத், பஸ் கண்டக்டர். அதற்கு எந்தத் திரையும் உதவவில்லை.

போரூர்_ஸ்பீச்:

தம்பி, அழகாகச் சொன்னீர்கள். பியூபர்ஃபோனியாவில் கருவியின் வேலை பெரும்பாலும் அவ்வளவுதான்: இந்தக் குரலும் உன்னிடம் இருக்கிறது என்று நிரூபிப்பது. தெரபியில் அசையாதவர்களுக்கு நாணைத் தளர்த்தும் ஒரு அறுவை சிகிச்சையும் இருக்கிறது, ஜப்பானின் இஷ்ஷிகி 1974ல் வகைப்படுத்திய தைரோபிளாஸ்டியில் (குரல்வளைக் குருத்தெலும்பில் செய்யும் அறுவை சிகிச்சை) மூன்றாவது வகை. அது கடைசி வழி. இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் தொண்டையைத் தாங்களே அழுத்திப் பார்க்காதீர்கள், தயவுசெய்து.

சரி, சாக்பீஸ் டீச்சரின் கேள்விக்கு வருகிறேன்.

திரையைப் பார்க்கும்போது வருகிறது, வகுப்பில் வரவில்லை. இது உங்கள் குறை இல்லை. கற்றலின் குணமே அப்படி. 1984ல் சால்மோனி, ஷ்மிட், வால்டர் மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். குரலைப் பற்றியது இல்லை, உடல் அசைவுகளைக் கற்பது பற்றியது. ஒவ்வொரு முயற்சிக்கும் உடனுக்குடன் சரி, தப்பு என்று காட்டிக்கொண்டே இருந்தால் பயிற்சி நேரத்தில் பிரமாதமாகச் செய்வார்கள். காட்டுவதை நிறுத்திவிட்டுப் பிறகு சோதித்தால், குறைவாகக் காட்டப்பட்டவர்களே தேறுவார்கள். காரணம் எளிது. திரை இருக்கும்போது மூளை திரையைக் கவனிக்கிறது, கழுத்தைக் கவனிப்பதில்லை. கிணற்றில் நீச்சல் பழக இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டுவார்களே, அதை அவிழ்க்காமலே வைத்திருந்தால் பிள்ளை மிதக்கும், நீந்தாது.

குரலிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். கழுத்தின் அடியில் ஒட்டிக்கொள்ளும் சின்ன உணர்கருவி ஒன்று உண்டு, தோலின் அதிர்வை வைத்து நாள் முழுக்கக் குரலை அளக்கும். சத்தம் வரம்பை மீறினால் கூடவே உள்ள கருவி அதிர்ந்து எச்சரிக்கும். பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக் குழு, குரல் கோளாறு இல்லாதவர்களிடம் இதைக் கொடுத்துச் சோதித்து 2015ல் எழுதியது. எச்சரிக்கை இருந்த நாளில் குரல் மாறியது. எச்சரிக்கையை எடுத்த பிறகு பழைய இடத்துக்கே போய்விட்டது. அப்புறம் அதே குழு, எச்சரிக்கையைக் குறைத்துக் குறைத்துத் தருவது, கொஞ்சம் தாமதமாகத் தருவது என்று மாற்றிப் பார்க்கத் தொடங்கியது.

ஆகவே தெரபிஸ்ட்டிடம் நீங்கள் கேட்க வேண்டியது, ‘இந்த மெஷின் தேவையா?’ என்று இல்லை. ‘இதை எப்போது அணைக்கப் போகிறீர்கள்?’ என்று கேளுங்கள். நல்ல தெரபிஸ்ட் என்றால் பதில் தயாராக இருக்கும். நான் செய்வதைச் சொல்கிறேன். முதல் சிட்டிங்குகளில் கோடு முழுநேரமும் தெரியும். பிறகு திரையைத் திருப்பி வைத்துவிடுவேன். பேசி முடித்ததும், ‘இப்போது கோடு எங்கே இருந்திருக்கும்?’ என்று கேட்பேன். அவர் சொன்ன பிறகுதான் காட்டுவேன். இந்த ஊகம் ஒத்துப்போக ஆரம்பித்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. அப்புறம் வேண்டுமென்றே இறுக்கிப் பேசச் சொல்வேன், உடனே தளர்த்திப் பேசச் சொல்வேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உடம்பில் பதிய வேண்டும். கடைசியில் வகுப்பறைச் சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நிற்க வைத்து, ஒளிச்சேர்க்கை பாடம் எடுக்கச் சொல்வேன். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து ‘அம்மா, ஆடு’ வாசிப்பதும் ஏழாம் வகுப்பில் பின்வரிசைப் பையனை அதட்டுவதும் ஒரே குரல் வேலை இல்லையே.

ஓ.எம்.ஆர்.காரன்:

அப்படியானால் ‘பிராட்’டின் குறை என்று நான் நினைத்திருந்தது குறையே இல்லை போலிருக்கிறது. அது பேசப் பேசக் கோடு காட்டாது; முதலில் பதிவு செய்ய வேண்டும், அப்புறம் திறந்து பார்க்க வேண்டும்.

போரூர்_ஸ்பீச்:

ஆமாம், பழக ஆரம்பித்தவருக்கு அந்தத் தாமதம் நல்லது. முதல் நாளில் வந்து உட்கார்ந்திருப்பவருக்கு உடனடிக் கோடு வேண்டும்.

சந்தேகப்பேர்வழி:

சரி, விஷயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இத்தனை கருவியும் வைத்திருக்கிற இடத்துக்கு எல்லோராலும் போக முடியுமா? ஒரு சிட்டிங்குக்குக் கேட்கிற பணத்தில் ஒரு வாரக் காய்கறி வாங்கலாம்.

போரூர்_ஸ்பீச்:

நியாயமான கேள்வி. இருப்பதிலேயே மலிவான பயோஃபீட்பேக் ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு ஸ்ட்ராவும். ஸ்ட்ராவின் நுனியைத் தண்ணீருக்குள் கொஞ்சமாக, இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு, வைத்து ‘ஊ’ என்று குரல் கொடுங்கள். குமிழ் சீராக வந்தால் மூச்சு சீராகப் போகிறது. குமிழ் வெடித்து வெடித்து வந்தால் காற்றைத் தள்ளுகிறீர்கள். குமிழ் நின்று குரல் மட்டும் வந்தால் தொண்டையைப் பூட்டுகிறீர்கள். கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்குக் கேட்கிறது, உதட்டிலும் கன்னத்திலும் அதிர்கிறது. பின்லாந்தில் கண்ணாடிக் குழாயை வைத்து இதைத் தொடங்கினார்கள். இப்போது 35 சென்டிமீட்டர் நீள சிலிக்கான் குழாயில் லாக்ஸ்வாக்ஸ் என்று செய்கிறார்கள். வாயைக் குழாயால் பாதி அடைத்தால் எதிரழுத்தம் உள்ளே திரும்பி, நாண்கள் மென்மையாக மோதிக்கொண்டே நன்றாக அதிரும். இந்த இயற்பியலை விரிவாக எழுதியவர் குரல் விஞ்ஞானி இங்கோ டிட்சே.

இன்னொரு நன்மையும் உண்டு. குரல்வளையைத் தளர்த்து என்றால் யாருக்கும் புரியாது. குமிழைச் சீராக்கு என்றால் ஏழு வயதுப் பிள்ளையும் செய்யும். கவனம் உடம்புக்கு வெளியே இருக்கும்போது உடம்பு தானாகச் சரியாகிறது.

2019 ஜனவரியிலிருந்து இங்கே பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தடை. பேப்பர் ஸ்ட்ரா பாதியில் ஊறி நைந்துபோகும். எவர்சில்வர் ஸ்ட்ரா வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் எதற்கும் முன்னால் ஈ.என்.டி. பரிசோதனை. குரல் கம்மி நாலு வாரத்துக்கு மேல் போனால் கேமராவில் பார்த்தே ஆக வேண்டும். புகைப்பவர்கள், கழுத்தில் கட்டி தெரிபவர்கள், மூச்சுத் திணறுபவர்கள் நாலு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. புற்றுநோயும் கரகரப்பாகத்தான் ஆரம்பிக்கும், அதன் முன்னால் குமிழ் விட்டுக்கொண்டு உட்காரக் கூடாது. காசு இல்லாதவர்கள் சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை ஈ.என்.டி. பிரிவுக்குக் காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். தனியாரிடம் போனால் தெரபிஸ்ட்டுக்கு இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

சாக்பீஸ்:

கூச்சத்தை ஓரம் வைத்துவிட்டுக் கேட்டேன், எப்போது மெஷினை அணைப்பீர்கள் என்று. தெரபிஸ்ட் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, ‘யார் சொல்லிக்கொடுத்தது?’ என்றார். அடுத்த சிட்டிங்கிலிருந்து ஊகம் சொல்லும் பயிற்சி ஆரம்பம். முதல் நாளில் நான் சொன்னது எதுவுமே ஒத்துப்போகவில்லை. நன்றாகத் தளர்த்திப் பேசினேன் என்று நினைத்த இடத்தில்தான் கோடு உச்சியில் இருந்தது!

இன்னொரு சந்தேகம். இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சின்ன மைக், ஸ்பீக்கர் இருக்கிறதே, சுற்றுலா கைடுகள் வைத்திருப்பார்களே, அதை வாங்கலாமா? ஸ்டாஃப் ரூமில் கட்சிக் கூட்டமா என்று கிண்டல் செய்கிறார்கள்.

போரூர்_ஸ்பீச்:

வாங்குங்கள், நாளைக்கே. 2002ல் அமெரிக்காவில் நெல்சன் ராய் குழு, குரல் பாதித்த ஆசிரியர்களை வைத்து ஒரு ஆய்வு செய்தது. ஒரு பிரிவுக்கு இந்த மாதிரி மைக். இன்னொரு பிரிவுக்குத் தண்ணீர் குடியுங்கள், கத்தாதீர்கள் என்ற அறிவுரை. மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை. தெளிவாகத் தேறியது மைக் பிரிவுதான். அறிவுரை சொல்லியே சம்பாதிக்கும் எங்களுக்கு இது கொஞ்சம் சங்கடமான முடிவு.

தவிர, உங்கள் குரல் ஸ்பீக்கர் வழியாக உங்கள் காதுக்கே தெளிவாக வரும்போது நீங்களாகவே குரலைத் தணிப்பீர்கள். சுற்றிலும் இரைச்சல் கூடினால் குரலைத் தானாக உயர்த்துவது மனித இயல்பு. 1911ல் லொம்பார் என்ற பிரெஞ்சு டாக்டர் எழுதியது, இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. ரயில் போகும்போது பாடத்தை நிறுத்துங்கள். அந்த ஃபேனுக்குக் கொஞ்சம் எண்ணெய் விடச் சொல்லுங்கள், அதுவும் குரல் தெரபிதான்.

அம்பத்தூர்வாசி:

இந்த இழையைப் படித்துவிட்டுத்தான் கணக்குத் தொடங்கினேன். அப்பாவுக்குப் பார்க்கின்சன். குரல் சுருங்கிச் சுருங்கி, பக்கத்தில் உட்கார்ந்தால்கூடக் கேட்பதில்லை. சத்தமாகப் பேசுங்கப்பா என்றால், ‘கத்திக்கிட்டுத்தானே இருக்கேன், உங்களுக்குத்தான் காது போச்சு’ என்று கோபப்படுகிறார். இதற்கும் பயோஃபீட்பேக் உண்டா?

போரூர்_ஸ்பீச்:

உண்டு, இந்த முறை மிக நன்றாகப் பொருந்தும் இடங்களில் இது ஒன்று. உங்கள் அப்பா பிடிவாதம் பிடிக்கவில்லை. பார்க்கின்சனில் குரல் குறைவதோடு, எவ்வளவு குறைந்திருக்கிறது என்ற உணர்வும் குறைகிறது. அவருக்கு நிஜமாகவே கத்துவதாகத்தான் தோன்றும்.

எல்.எஸ்.வி.டி. லவுட் என்ற முறை 1987ல் அமெரிக்காவில் உருவானது. லீ சில்வர்மன் என்ற பார்க்கின்சன் நோயாளியின் பெயரை வைத்தார்கள். உருவாக்கியவர்களில் முதன்மையானவர் லொரெய்ன் ரேமிக். வாரம் நாலு நாள், நாலு வாரம், தினம் ஒரு மணி நேரம், மொத்தம் 16 சிட்டிங். எதிரே சத்தத்தின் அளவைக் காட்டும் டெசிபல் மீட்டர். மூச்சை இப்படி விடு, நாக்கை அப்படி வை என்று எதுவும் சொல்வதில்லை. சத்தம், சத்தம், சத்தம் மட்டும்தான். எண் ஏறியதும், ‘இப்போது கத்துகிற மாதிரி இருக்கிறதா? எங்களுக்கு இதுதான் சாதாரணப் பேச்சு’ என்று திரும்பத் திரும்பக் காட்டுவது. அவர் மனதில் இருக்கும் அளவுகோலைத் திருத்துகிறோம். அதற்கான பயிற்சிச் சான்றிதழ் வாங்கிய தெரபிஸ்ட்டாகப் பாருங்கள்.

ஓ.எம்.ஆர்.காரன்:

வீட்டில் போனை வைத்து டெசிபல் பார்ப்பதாக இருந்தால் இரண்டு விஷயம். வாய்க்கும் போனுக்கும் இடையே உள்ள தூரம் மாறக்கூடாது. 30 சென்டிமீட்டர் 60 ஆனால் கிட்டத்தட்ட 6 டெசிபல் குறைந்துவிடும், அப்பா நன்றாகவே பேசியிருப்பார். ஒரு ஸ்கேலையோ கயிற்றையோ வைத்து அளந்து, மேசையில் போனுக்கு ஒரு இடம் குறித்துவிடுங்கள். அடுத்தது, போன்களில் சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வேலை உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். அதனால் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அதே போனில் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். ஆன்லைன் சிட்டிங் என்றால் இன்னும் மோசம்: ‘ஆ’ என்று நீளமாக இழுத்தால் வீடியோ கால் செயலி அதை ஃபேன் சத்தம் என்று நினைத்து அமுக்கிவிடும். அமைப்பில் போய் இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிடுங்கள்.

நெறியாளர்:

தோடி காந்தாரம் பற்றிய பதிவுகள் பெருகிவிட்டதால் அவற்றை இசைப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே குரல் சிகிச்சை மட்டும். கருவி விற்பனை விளம்பரம் ஒன்றும் நீக்கப்பட்டது.

அம்பத்தூர்வாசி:

நன்றி சார், நன்றி மேடம். ஒரு கேள்வி விட்டுப்போனது. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. டிவியையும் சத்தமாகத்தான் வைக்கிறார். மீட்டரில் எண்ணைக் காட்டினால் போதுமா?

போரூர்_ஸ்பீச்:

போதாது, இதை முன்னாலேயே நான் கேட்டிருக்க வேண்டும். தெரபி தொடங்கும் முன் ஆடியோகிராம் (காது கேட்கும் திறன் சோதனை) எடுத்துவிடுங்கள். காது மந்தமாக இருந்தால் அவர் குரல் அவருக்கே எப்படிக் கேட்கிறது என்ற கணக்கு மாறிவிடும். காது மெஷின் தேவைப்பட்டால் அதைப் போட்டுப் பழகிய பிறகு, மெஷினோடுதான் சிட்டிங்குக்கு உட்கார வேண்டும். மாத்திரை போட்டு உடம்பு நன்றாக அசையும் நேரம் எது என்று குறித்துக்கொண்டு, அந்த நேரத்துக்கே அப்பாயிண்ட்மெண்ட் வாங்குங்கள்.